யோசேப்புக்கு இரண்டு தகப்பன்

1911, ஆனி மாதம். தில்லைநாயகத்துக்கு நாளைக் காலையில் ஞானஸ்நானம். வேதம் மெய்யென்று நம்பித்தான் திருநெல்வேலி டவுணில் வீடு, வயல், சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் இன்பமணி உபதேசியார் வீட்டில் வந்து ஒண்டியிருக்கிறான். மத்தியானம் சும்மா இருக்கமாட்டாமல் வேதத்தில் ஆண்டவருடைய வம்சவரலாற்றை வாசிக்கப் போனான். எல்லாரும் தாண்டிப்போகிற பக்கம் அது. இவனுக்கு மட்டும் என்ன வந்ததோ!

மத்தேயு சுவிசேஷத்தில் ஆண்டவரை வளர்த்த யோசேப்புக்குத் தகப்பன் யாக்கோபு. லூக்காவில் ஏலி. பாட்டன் பேரும் ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தான். தகப்பன் பேரிலேயே பிசகுகிற புத்தகத்தை நம்பியா ஊர்ச்சிரிப்புக்கு ஆளானோம்? டவுணுக்குத் திரும்ப முகமில்லை. நாளை ஞானஸ்நானத்துக்குத் தலைகுனியத் துணிவுமில்லை. கேட்டால் உபதேசியார் கோபிப்பாரோ என்று வேறு பயம். கடைசியில் பயம் தாங்காமல்தான் கேட்டான்.

இன்பமணி கோபிக்கவில்லை.

"ரெண்டும் மெய்தான், தம்பி. யூதருக்குள்ள ஒரு முறை உண்டு. ஒருத்தன் பிள்ளையில்லாம செத்துட்டாம்னா, அவன் பொஞ்சாதியத் தம்பிக்காரன் கெட்டணும். பொறக்குத மூத்த பிள்ளை செத்தவன் பேருக்குத்தான். பெத்தவன் யாக்கோபு, பேருக்கு ஏலின்னு பழைய காலத்துப் பெரியவங்க சொல்லுதாங்க; ரெண்டு பேருக்கும் தாய் ஒண்ணு, தகப்பன் வேறயாம். செத்தவன் பேரு அத்துப்போகக் கூடாதுல்லா?"

தில்லைநாயகத்துக்கு மூச்சு வந்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அவன் கதையே அதுதானே! அம்மையப்ப பிள்ளை பிள்ளையில்லாமல் இறந்தபின், தம்பி கைலாசம் பிள்ளை தம் இளைய மகனை அண்ணன் பேருக்குத் தத்துக் கொடுத்தார். அந்த மகன்தான் இவன். அன்றுமுதல் பெற்றவரைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறான். கண்ணால் பாராத ஒருவரைத் தகப்பன் என்கிறான். அட மண்டூகமே என்று தன்னையே வைதுகொண்டு சிரிக்கப் போனான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எதற்காகத் தத்துக் கொடுத்தார்கள்? அந்தப் பேர் அற்றுப்போகக் கூடாது என்றுதானே. நாளை அதை அறுக்கப் போகிறவன் யார்? புத்தகம் பொய்யோ என்று இதுவரை நடுங்கினான். மெய் என்று தெரிந்ததும் நடுக்கம் கூடித்தான் போயிற்று.

வாசலில் வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவள் பிரம்மநாயகி, அவனைத் தத்தெடுத்த தாய். அழுது அடித்து இழுத்துப்போக வந்திருக்கிறாள் என்று அவன் சுவரோடு ஒட்டினான். அவளோ படியேறவே இல்லை.

"ஏலே ஐயா, ஒன்னைத் திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். வார ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறை ஆத்துல அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் விடப்போறது யாரு?"

அவன் சுவரை விட்டு வாசல்படிக்கு வந்தான்.

"அம்மா... பேரு எங்கயும் போகாது. நாளைக்கு இங்கன கேட்டாலும் தகப்பன் பேரு அம்மையப்பன்னுதான் சொல்லுவேன்."

பிரம்மநாயகி அவனையே பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

"பேரு இருந்து என்னலே செய்ய? அவுகளுக்குப் பசிக்கும்லா."

வண்டி திரும்பியது. தில்லைநாயகம் இன்பமணியைப் பார்த்தான். இவ்வளவு நேரம் பதில் வைத்திருந்த மனிதர், துண்டால் முகத்தைத் துடைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.