பலகையில் ஓடும் பாடம்

கம்பம் ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய அந்தச் செல்போன் கடையைப் பார்த்ததும் ஜெபஷீலாவுக்குத் தலை சுற்றியது. சுவரில் நீளமாக ஒரு பலகை. அதில் வரிசையாகப் போன்கள், எல்லாம் சார்ஜில். எல்லாவற்றிலும் ஒரே பேராசிரியர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

தொலைநிலைக் கல்வி மாணவர்கள் வீடியோ பாடங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. பல்கலைக்கழக சர்வர் தந்த கணக்கில் கம்பத்து மாணவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தார்கள். தொடங்கிய வீடியோவைக் கடைசி நொடிவரை பார்க்காமல் விட்டதே இல்லை. அதிலும் பொருளாதாரம் படிக்கும் யுவராணி முதலிடம். ஒரு பேட்டி எடுத்துச் சேர்த்தால் தீசிஸ் முடிந்தது என்று தேனியிலிருந்து பஸ் ஏறி வந்தால், யுவராணியின் போனை எடுத்ததே கடைக்காரர் விஜய்ராஜ்தான்.

"இத யாருண்ணே பாக்குறா?"

"யாரும்மா பாக்கணும்? ஓடுனாப் போதும். முழுசா ஓடலைன்னா ஹால் டிக்கெட் வராதுன்னு சொல்லிட்டாகல்ல? கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துல டவர் கிடையாது. வேலைக்குப் போறவுக இங்கன வச்சுட்டு ஜீப் ஏறிருவாக."

"நான் ஒரு கேள்வித்தாள் அனுப்புனேனே, எல்லாரும் பதில் போட்டிருந்தாங்களே?"

"அதுவும் நாந்தேன். யாரோ படிக்கிற புள்ள பாவம்னு, எல்லாத்துக்கும் 'மிகவும் திருப்தி'ன்னு அமுக்கிவிட்டேன்."

ஆக, மூன்று வருடமாக அவள் ஆராய்ந்தது இந்தப் பலகையைத்தான். அழுவதா, பலகையைப் பிடுங்கி எறிவதா என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் ஜீப் வந்து நின்றது. போனை எடுக்க வந்த யுவராணியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடியோவே பாக்காம எப்படிப் பாஸ் பண்ற?"

"ஜீப்புலதேன்க்கா. ஆறு பேரு படிக்கிறோம். ஏறயில நான் புத்தகத்தச் சத்தமா வாசிப்பேன். கொண்டையூசி வளைவுல எனக்குக் குமட்டும், பவுனக்கா வாங்கிக்கிருவாக. இறங்கயில ஒருத்தருக்கொருத்தர் கேள்வி கேட்டுக்கிருவோம்."

ஜெபஷீலாவுக்குக் கோபத்தை மீறி ஒரு சந்தோஷம் குபீரென்று வந்தது. ஆய்வு என்றால் இதுவல்லவா ஆய்வு! பேனாவை எடுத்தாள். யுவராணி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"எழுதிறாதீகக்கா. மூஞ்சியக் காட்டுனாத்தேன் வீடியோ ஓடும்னு மாத்திப்புடுவாக. ஆறு பேருக்கும் பரீட்சை போயிரும்."

சரியாகத்தான் சொல்கிறாள். அது சரியாக இருப்பதே ஜெபஷீலாவுக்கு எரிச்சலைத் தந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய ஆய்வு வழிகாட்டி சுந்தர்ராஜ் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆன்லைன் பயிலரங்கு இருக்கும்மா. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் லாகின்ல இருக்கணும். அந்தச் சான்றிதழ் இல்லாம தீசிஸை வாங்க மாட்டாங்க."

"சார், கம்பம் டேபிள் மொத்தமும் தப்பு சார்."

"சர்வர் பொய் சொல்லாதும்மா. அழகா வந்திருக்கு. அதுல கைய வச்சுறாத."

என்ன மனிதர் இவர் என்று வாய்விட்டே திட்டினாள், போனை வைத்த பிறகு. அன்று கம்பத்திலேயே லாட்ஜில் தங்கினாள். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் ஜீப் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து யுவராணியின் முகம் வெளிறியது.

"என் ஆய்வுலேர்ந்து கம்பம் டேபிளையே தூக்கிட்டேன். உங்க பேரு, ஊரு, இந்தக் கடை எதுவும் வராது. வேற ஊர்ல ஆள் தேடணும், இன்னொரு வருசம் இழுக்கும். போகட்டும்" என்றாள் ஜெபஷீலா.

"பெறகு இங்கன எதுக்குக்கா வந்தீக?"

"நீங்க வாசிக்கிறத எனக்குக் கேக்கணும். எழுத இல்ல. கொஞ்சம் தள்ளி உக்காரு."

ஏறுவதற்கு முன் தன் போனில் பயிலரங்குக்குள் லாகின் செய்து, அதை விஜய்ராஜிடம் நீட்டினாள். அவர் சார்ஜர் செருகி, யுவராணியின் போனுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"முழுசா ஓடணுமாம்மா?"

"சாயங்காலம் வரைக்கும், அண்ணே."

"கடைசில கேள்வி ஏதும் கேட்டா?"

ஜீப் உறுமியது. ஜெபஷீலா ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினாள்.

"மிகவும் திருப்தின்னு அமுக்கிருங்க."