கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்

தனுஜாவுக்குப் பிசைந்த பருப்புச் சோற்றை மீன்காட்சிச் சாலையின் களவா மீன், தொட்டிக்குள் இருந்தபடியே வாங்கிச் சாப்பிட்டது சென்ற ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. அன்று ஜார்ஜ் டவுனில் வெயில் சுமார். பெரியவர்களுக்கு நுழைவுச் சீட்டு எட்டு வெள்ளி, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். நடுவில் இருந்த கண்ணாடி நாலு விரல் கனம். அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

குழந்தையின் அப்பா யுகேந்திரன் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். மூன்று டன் பளுவையும் முட்டை வைக்கிற பதத்தில் இறக்கிவைப்பான் என்று பெயர் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவனுக்கு இருபது மாதக் குழந்தையின் வாய்க்குள் ஒரு கவளத்தை இறக்கத் தெரியவில்லை. மனைவி லோகேஸ்வரிக்குப் பிற்பகல் ஷிப்ட் என்பதால், பாகான் டாலாம் வீட்டில் சாயங்காலம் சோறூட்டுவது அவன் பொறுப்பு. காக்காவைக் காட்டினான், பூனையைக் காட்டினான், கைப்பேசியைக் காட்டினான், அடுத்த வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையையும் காட்டினான். தனுஜா எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. பாலைக் குடித்தே காலத்தை ஓட்டினாள். ஊட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், யுகேந்திரனும் 'ஆ' என்று சொல்லும்போது தன் வாயைத் திறந்துகொள்வான். திறந்த வாயை வீணாக மூடுவானேன் என்று அந்தக் கவளம் அவனுக்குள்ளேயே போய்விடும். இப்படி ஒரு வருஷத்தில் அவன் ஒன்பது கிலோ ஏறினான். குழந்தையோ அடுத்தடுத்து மூன்று முறை நிறுத்தும் எட்டு கிலோ முந்நூறிலேயே நின்றது. கிளினிக்கில் எடை பார்க்கும் நர்ஸ், மிஸ்ஸி நவமணி, எடை அட்டையில் படுத்துக்கிடந்த கோட்டைப் பேனாவால் தட்டிக் காட்டி, அடுத்த மாதமும் இது எழுந்திருக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டியதுதான் என்றார்.

"மூக்குல குழாய் வச்சு ஊத்துவாங்களாம் லா" என்றாள் யுகேந்திரனின் அக்கா ஜெயலெட்சுமி. "எம்புள்ள சிவநேசன் இந்த வயசுல நாலு இட்லிய முழுங்கிட்டு தட்ட நக்குவான்." அன்றிலிருந்து யுகேந்திரனுக்குக் கண்ணை மூடினால் குழாய்தான் தெரிந்தது. தான் அப்பனாக இருக்க லாயக்கில்லாதவன் என்று உள்ளுக்குள் தீர்மானமாக நம்பத் தொடங்கியிருந்தான்.

கிளினிக்குக்குப் போக ஒன்பது நாள் இருந்தபோது, லோகேஸ்வரிக்கு விடுமுறை வாய்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து, கடற்கரைப் பக்கத்து மீன்காட்சிச் சாலைக்கு வந்தார்கள். இடம் மாறினால் வாய் திறக்கும் என்று ஒரு நப்பாசை. நாலாவது ஆள் ஜெயலெட்சுமி. தூக்குப்பையில் மசால் வடையும் தூக்கமுடியாத அளவு ஆலோசனையும் கொண்டுவந்திருந்தாள். கோமாளி மீனுக்கு முன்னால் ஒரு வாய் முயன்றார்கள், கடல்குதிரைக்கு முன்னால் ஒரு வாய், திருக்கைக்கு முன்னால் ஒரு வாய். ஒன்றும் நடக்கவில்லை. கடைசித் தொட்டியில் அந்தக் களவா தனியாக இருந்தது. அண்டா பருமன், கொட்டாவி விடப்போகிற குமாஸ்தாவின் முகம். தனுஜா அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போதும் உதட்டைப் பூட்டியே வைத்திருந்தாள்.

யுகேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. "தொறக்க மாட்டியா? சரி, உன் சோத்த அந்த மீனுக்கே கொடுத்துடுறேன் பாரு!" என்று கவளத்தைக் கண்ணாடிப் பக்கம் நீட்டி, பழக்க தோஷத்தில் 'ஆ' என்றான். பிள்ளை பெற்ற தமிழர்கள் எல்லாரும் காக்காவுக்கும் பூனைக்கும் பூச்சாண்டிக்கும் காலங்காலமாகச் சொல்லிவருகிற வெறும் மிரட்டல் இது. யாரும் இதுவரை வாங்க வந்ததில்லை. களவா வந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி, வாயைத் திறந்தது. யுகேந்திரனின் விரலில் நெய் மட்டும் மிச்சம் இருந்தது.

அவன் தரையைப் பார்த்தான். ஜெயலெட்சுமி அவன் சட்டைப்பையைப் பார்த்தாள். மீன் மென்றுகொண்டிருந்தது. இரண்டாவது கவளமும் அப்படியே போயிற்று. பதினோரு வாயில் டப்பா காலி. களவா வாயை மூடிக்கொண்டு, சாப்பிட்ட களைப்பில் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்தது.

தொட்டிகளைக் கவனிக்கும் இக்மல் ஓடிவந்தான். "அண்ணே, மீனுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது, போர்டு போட்டிருக்குல்ல?"

"நான் புள்ளைக்குத்தான் தம்பி ஊட்டுறேன்."

"புள்ளை இந்தப் பக்கம்ல இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல."

இக்மல் கண்ணாடியைத் தடவினான், காய்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தான்; ஒரு பருக்கை இல்லை. சட்டப்படி இதில் யாரைக் கண்டிப்பது என்று தெரியாததால், ஜெயலெட்சுமி நீட்டிய வடையை வாங்கிக்கொண்டு போனான்.

திரும்பும் ஃபெர்ரியில் தனுஜா பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள். நெய் வாசனை வீசியது. அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்குவதற்குள் யுகேந்திரனுக்குக் கை கடுத்துப்போய், தோள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் கிளினிக்கில் மிஸ்ஸி நவமணி குழந்தையை மூன்று தடவை நிறுத்தார். தராசில் தானும் ஒருமுறை ஏறி இறங்கி அது சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். எட்டு கிலோ எழுநூறு. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பருப்புச் சோறு என்றான் யுகேந்திரன். யார் ஊட்டுவது என்றார். நான்தான் என்றான். இரண்டும் உண்மை. அதையே தொடருங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளர்த்தா தன் புள்ள தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் லோகேஸ்வரி. அத்தோடு அவள் வியப்பு முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு டப்பாவைக் கழுவி வைத்தாள்.

அதன்பின் எட்டு மாதம் ஒரு ஞாயிறு தவறவில்லை. களவாவுக்கு நாக்கு உண்டு என்பது தெரியவந்தது. ரசச்சோறு ஏழு வாய், தயிர்ச்சோறு ஒன்பது, பருப்புச் சோறு பதினொன்று. நெத்திலிக் கஞ்சி கொண்டுபோன வாரம் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் நின்றது. உறவுக்காரர்களை எப்படிச் சாப்பிடும் என்று யுகேந்திரன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீனை நிறுக்கும் இக்மல், அது ஒரு கிராம்கூட ஏறவில்லை என்று பதிவேட்டில் எழுதினான். தனுஜா பத்து கிலோவைத் தாண்டினாள். வீட்டில் பேருக்குத்தான் ஊட்டிப் பார்த்தார்கள் என்பதால், மிச்சச் சோறு கிடைக்காமல் யுகேந்திரன் பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போனான். ஒரு குறைதான். வீட்டில் தனுஜா இன்னும் வாயைத் திறக்கவில்லை. மகள் மென்று தின்பதைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவனுக்கு இருந்தது. எடை ஏறிய பிறகும் இப்படி ஆசைப்படுவது பேராசையோ என்றும் கூச்சமாக இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு, களவா வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வந்தது, கவளத்தைப் பார்த்தது, யுகேந்திரனைப் பார்த்தது, உதட்டைப் பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டு அவனுக்குப் பழக்கமான பூட்டு. அது நாலு நாளாகத் தன் இரையையும் தொடவில்லை என்றான் இக்மல். யுகேந்திரன் கெஞ்சினான். "ஒரே ஒரு வாய்டா கண்ணு, என் தங்கம்ல" என்று நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றான். மீனைக் கொஞ்சுகிறானா மகளைக் கொஞ்சுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. குழாய் மறுபடி கண்ணில் வந்தது. அன்று கூட வந்திருந்த ஜெயலெட்சுமி, ஆலோசனைக்குப் பதிலாக ஒரு மசால் வடையை எடுத்து மீனுக்குக் காட்டிப் பார்த்தாள்.

அப்போது லோகேஸ்வரியின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய தனுஜா, டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒரு பிடி சோற்றை அள்ளிக் கண்ணாடியில் அப்பினாள். எட்டு மாதமாகப் பார்த்துப் பழகிய முறைப்படி, அப்பாவின் குரலில் அதட்டலாக, "ஆ!" என்றாள். ஊட்டுகிறவர்கள் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பதற்கு எந்தப் பிள்ளையும் விலக்கல்ல. அவள் வாயும் கடவாய்ப்பல் தெரியத் திறந்திருந்தது. களவாவும் திறந்தது; கண்ணாடியில் அப்பிய சோறு மறைந்தது. மூன்று டன் பளுவை இறக்குகிறவனின் நிதானத்தோடு, யுகேந்திரன் ஒரு கவளத்தை மகளின் வாயில் இறக்கினான்.

தனுஜா திகைத்தாள். மென்றாள். விழுங்கினாள். விழுங்கிய கையோடு இன்னொரு பிடி அள்ளிக்கொண்டு மீன் பக்கம் திரும்பி, மறுபடியும் 'ஆ' என்றாள். மீனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று டப்பா காலியாயிற்று. கடைசிக் கவளத்துக்கு யுகேந்திரனால் வாயை மூட முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான் பாரு, சின்னப் புள்ளையிலயும் இவன் இப்படித்தான்" என்று ஜெயலெட்சுமி மசால் வடையை விண்டு தம்பியின் வாயில் வைத்தாள். அவன் அழுதுகொண்டே மென்றான். வடையில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவனுக்குத் தோன்றியது.

இப்போது தனுஜா வீட்டிலும் சாப்பிடுகிறாள். அவள் பூரி தின்கிற வாரங்களில் மீன் இருநூறு கிராம் ஏறுவதாக, இக்மல் இப்போது வாராவாரம் நிறுத்து எழுதும் பதிவேடு சொல்கிறது. அது அங்கே சாதாரண விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இரண்டு டப்பாவோடு ஃபெர்ரி ஏறுகிறார்கள். மீன்களுக்கு உணவளிக்கக் கூடாது என்ற பலகை களவாத் தொட்டியின் மேல் இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே இக்மல் பேனாவால் சின்னதாக எழுதியிருக்கிறான்: தனுஜா மட்டும் கொடுக்கலாம்.