ஒன்பதாம் குழி

1

இந்தக் கதை அரசாங்க அலுவலகத்தில், மூன்றாம் எண் ஜன்னலில் பிறந்தது. நான் கதை எழுதப் போகவில்லை. மனு கொடுக்கப் போனேன். "இந்நிலத்தில் எப்போதிலிருந்து, எவ்வாறு வசித்து வருகிறீர்கள்? விவரம்" என்று படிவத்தில் கேட்டு, கீழே இரண்டு விரல் இடம் விட்டிருந்தார்கள். இரண்டு விரல் இடத்தில் எங்கள் ஊர் அடங்காது. அதனால் தனியாகப் பதினொரு தாள் எழுதிக்கொண்டு போனேன்.

எழுத்தர் முதல் தாளை முறைத்துக்கொண்டு படித்தார். மூன்றாவது தாளில் சிரித்துவிட்டார்.

"பெரியவரே, இது மனு இல்ல. கதை."

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்."

"நடந்ததாவே இருக்கட்டும். படிச்சா கதை மாதிரி இருக்கே. கதைக்கு இங்க ஃபைல் கிடையாது."

எனக்குக் கோபம் வந்தது. பதினொரு தாளையும் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அரசாங்கமே கதை என்று சொன்ன பிறகு நான் என்ன செய்ய? கதை என்றே மறுபடி எழுதுகிறேன். நான் படித்தது நான்காம் வகுப்பு, அதுவும் பாதி. பிழை இருந்தால் மீதிப் பாதியைப் போய்க் கேளுங்கள்.

அவசரம் ஒன்று இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை, யார் இருக்கலாம் யார் போக வேண்டும் என்று முடிவு செய்கிற குழு கூடுகிறது. எங்கள் இருபத்து மூன்று வீடும் காட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன என்று அதற்குள் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நகரத்து ஓரத்தில் கட்டி வைத்திருக்கிற தகரக்கூரை வரிசைக்கு எங்களை ஏற்றிவிடுவார்கள்.

2

முதல் வரிக்கே நான்கு நாள் போனது.

"பனி போர்த்திய மலையின் மடியில், அதிகாலையில்..."

(அடித்துவிட்டேன். அதிகாலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

"காலங்காலமாக ஏமாற்றப்பட்டு வரும் எங்கள் மக்கள்..."

(பொய் இல்லை. ஆனால் இந்தத் தடவை ஏமாற்றியது யார் என்று பார்க்கப் போனால் சிக்கலாகிறது.)

"இருபத்து மூன்று வீட்டுக்கும் வந்த கேட்டுக்குக் காரணம் நானும் என் மச்சானும்தான்."

(இது இருக்கட்டும். மச்சானுக்குப் பிடிக்காது. அவனுக்கு எதுதான் பிடித்திருக்கிறது?)

3

நாற்பது வருடத்துக்கு முன்னால் காட்டுக்கு எல்லைக்கல் நட வந்தார்கள். காடு மலை முகட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் வீடுகள் இந்தப் பக்கச் சரிவில். ஆகவே கல் முகட்டின் மேல் நிற்க வேண்டும். சர்வேயர் கயிறு பிடித்து இடம் காட்டினார். நானும் என் வீட்டுக்காரியின் அண்ணனும் கூலிக்குப் போய், முகட்டில் ஒன்பது குழி தோண்டினோம். மேலே எல்லாம் பாறை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கடப்பாரை முனை மழுங்கியது.

மறுநாள் சர்வேயருக்குக் காய்ச்சல். "கல்லைக் கொண்டுபோய் நட்டுடுங்கப்பா" என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

ஒரு கல் இரண்டு ஆள் சுமை. கழியில் கட்டித் தோளில் தூக்க வேண்டும். மழை வேறு. எங்கள் ஊருக்குக் கீழே, ஓடைப் பாதையிலேயே, முன்னால் பிடித்திருந்த மச்சான் கழியை இறக்கினான்.

"மாப்ள, இந்தக் கல்லு மேல நின்னா என்ன, கீழ நின்னா என்ன? அது எங்கயாவது எழுந்து போகப்போகுதா?"

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

ஒன்பது கல்லையும் ஓடை ஓரமாகவே நட்டோம். அதே கயிறு, அதே இடைவெளி, இம்மியும் பிசகவில்லை. மூன்றாம் நாள் சர்வேயர் காய்ச்சல் மயக்கம் தெளியாமலே போர்வையோடு வந்து பார்த்தார். "அடடா, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு!" என்று முதுகில் தட்டினார். அப்படியே உட்கார்ந்து வரைபடம் போட்டார்.*

*இந்த இடத்தில் வாசிக்கிற நீங்கள் எங்களை முட்டாள் என்பீர்கள். நீங்கள் அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

4

நாற்பது வருடம் அந்தக் கல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் கல்லில் என் வீட்டுக்காரி கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

பிறகு காட்டை மிருகங்களுக்கான சரணாலயம் ஆக்கினார்கள். நல்லதுதான், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டில் தீப்பிடித்தால் அணைக்க முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது எங்களுக்கு "நம்ம ஆளுங்க" என்று பெயர். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது பெயர் மாறிவிட்டது. கல்லுக்கு மேலே இருப்பதெல்லாம் காடு, நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள். கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கல் எப்படி அங்கே வந்தது என்று கேட்டால் வரைபடத்தைக் காட்டுகிறார்கள். வரைபடம் எப்படி வந்தது என்றால் கல்லைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் அப்பன் நானும் மச்சானும் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

5

(கதையை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. மச்சான் வந்திருக்கிறான்.)

"என் பேரை எடு."

"உன் பேரே இதுல இல்லையே. மச்சான்னுதான் இருக்கு."

"உனக்கு எத்தனை மச்சான் இருக்கான்? ஊருக்கே தெரியும். கல்லை மாத்தி நட்டா ஜெயில்னு சொல்றாங்க. நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"அப்ப இன்னொரு முனையை யாரு தூக்கினது?"

"கதைதானே? யாரையாவது போட்டுக்கோ. ஒரு வெளியூர்க்காரனைப் போடு."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "அண்ணே, நீ அன்னைக்கு வந்து தோள் வலிக்குதுன்னு மூணு நாள் படுத்துக் கிடந்தியே, மறந்துட்டியா? வெளியூர்க்காரனுக்கா நான் எண்ணெய் தேய்ச்சேன்?"

மச்சான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். வெளியூர்க்காரனை வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவன் கல்லைச் சரியாக முகட்டுக்கே கொண்டுபோய்விட்டான். கதை முடிந்துபோனது. கிழித்துவிட்டேன்.

6

அடுத்து வருகிறவர் வன அதிகாரி. சின்ன வயதுப் பெண். எங்கள் ஊரில் அவருக்குப் பூட்ஸ் அம்மா என்று பெயர்.

இவரைக் கெட்டவராக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அலுவலகத்து ஆட்களை நான் நம்புவதில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு, குடித்த இடம் காடு என்று எழுதிக்கொண்டு போவார்கள். கதைக்கும் ஒரு கெட்டவர் இருந்தால் வசதி. ஆனால் இந்தப் பெண் ஒத்துழைக்கவில்லை.

நான் ஜன்னலில் விட்டுவந்த தாள்களை எழுத்தர் அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். அதைக் கேட்ட பூட்ஸ் அம்மா, போன வியாழக்கிழமை பதினொரு தாளோடும் என் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, இது நிஜமா?"

"கதைன்னு உங்க ஆபீஸ்தான் சொல்லுச்சு."

"எங்க ஆபீஸ் ஆயிரம் சொல்லும். மேல குழி இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இருக்கணும். பாறைல தோண்டினது. மூட அங்க மண்ணு ஏது?"

"அப்ப வாங்க, ஏறலாம்."

நான் சந்தேகத்தோடு அவர் பூட்ஸைப் பார்த்தேன். ஏறுகிற பூட்ஸாகத்தான் இருந்தது.

7

ஏறினோம். கூப்பிடாமலே மச்சானும் பின்னால் வந்தான். கேட்டதற்கு "மாடு தேடி வந்தேன்" என்றான். அவனிடம் மாடு கிடையாது.

முதல் குழியில் ஒரு புதர் உட்கார்ந்திருந்தது. விலக்கினால், கடப்பாரை கொத்திய தழும்பு பாறையில் அப்படியே இருந்தது. பூட்ஸ் அம்மா டேப் வைத்து அளந்தார். இரண்டாவது, மூன்றாவது. கீழே கல்லுக்குக் கல் என்ன இடைவெளியோ, மேலே குழிக்குக் குழி அதே இடைவெளி. ஐந்தாவது குழியில் அவரே சத்தம் போட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு கச்சிதமா யாரு தோண்டினது?"

நான் வாய் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்தான்.

"நான்தாம்மா. இவன் சும்மா கயிறு பிடிச்சான். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"அன்னைக்கு நீ ஊர்லயே இல்லைன்னியே மச்சான்?"

"வாயை மூடு மாப்ள. அம்மா அளக்கிறாங்கல்ல."

எட்டாவது குழியும் கிடைத்தது.

8

ஒன்பதாவது கிடைக்கவில்லை. அது இருந்த முனை பெருமழையில் சரிந்து அந்தப் பக்கம் போயிருந்தது. மூன்று பேரும் மத்தியானம் வரை தேடினோம்.

"எனக்கு எட்டே போதும்" என்றார் பூட்ஸ் அம்மா. "அளவோட எழுதி வைக்கிறேன். ஆனா குழுவுல அஞ்சு பேர். வரைபடத்துல ஒன்பது கல்லு, மேல எட்டு குழிதான்னா, இது கல்லுக்குத் தோண்டினதே இல்லைன்னு ஒருத்தர் சொன்னாலும் போச்சு. நீங்களும் நடந்ததை எழுதிக் குடுங்க. இதே மாதிரி, கதையாவே இருக்கட்டும். நான் ஃபைல் போடுறேன்."

ஐந்தாம் எண் வரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன், மீதியையும் எழுதினேன். அதைத்தான் இப்போது நீங்கள் படிக்கிறீர்கள்.

நேற்று மச்சான் மறுபடி வந்தான்.

"மாப்ள, எழுதுறவன் நீதானே? ஒன்பதாவதையும் கதைல தோண்டிடு. ஒரு வரி வேலை."

"சரிவுக்கு அந்தப் பக்கம் புல்லை விலக்கியபோது, அங்கே ஒன்பதாவது..."

(எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அடித்துவிட்டேன். வசதியான இடத்தில் ஒன்றை நட்டுவிட்டு, நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டு வாங்கின ஆள் நான். ஒரு தடவை போதும்.)

முடிவுக்கு மூன்று யோசித்தேன். ஒன்றில் குழு எங்கள் பக்கம் எழுதுகிறது. ஊரே சிரிக்கிறது. இன்னொன்றில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் அடைக்கிறார்கள். மச்சான் விடுகிற குறட்டை எனக்குத் தெரியும், அதனால் அது வேண்டாம். மூன்றாவதில், நட்டவர்களே கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் முகட்டில் நட வேண்டும் என்று உத்தரவு வருகிறது. மச்சானிடம் சொன்னேன். தோளைத் தடவிக்கொண்டான்.

"நடுறேன் மாப்ள. ஆனா இந்தத் தடவை முன்னால நீ பிடி."

எந்த முடிவும் என் கையில் இல்லை. குழு திங்கட்கிழமைதான் படிக்கும். நீங்கள் அதற்கு முன்னாலேயே படித்துவிட்டீர்கள். உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் கேட்கிறேன். எட்டுக் குழி போதுமா, போதாதா?

அடுத்த எண்ணைப் போட்டு வைக்கிறேன். அதன் கீழே ஒன்றும் இருக்காது. மறந்து விட்டதல்ல. அங்கே யாராவது எதையாவது தோண்டினால், புது மண் என்று பூட்ஸ் அம்மா பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

9