வெள்ளிக்கிழமை மூச்சு

போன வருடம் விமலன் என்ற பையன் ஐந்து மாதம் ராகினி டீச்சரின் காதில் பூச்சுற்றிவிட்டுக் கழிவறையில் சிகரெட் ஊதிக்கொண்டிருந்தான். கேட்டபோதெல்லாம் வீட்டில் கொசுவத்தி என்றான். டுரியான் துங்கால் ஊரின் இடைநிலைப் பள்ளியொன்றில் புகைத்தடுப்புத் திட்டமே அவர் பொறுப்புதான். மானம் போயிற்று. அன்றிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை.

அதனால்தான் மூச்சைச் சோதிக்கும் கருவியொன்றை வரவழைத்தார். ஊதினால் பச்சை விளக்கு. நெஞ்சுக்குள் புகை போயிருந்தால் சிவப்பு. தமிழ்மொழிக் கழகத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைப் புகைத்தடுப்புத் தூதர்களாக்கி, வெள்ளிக்கிழமை காலை முதலில் அவர்களையே ஊதச் சொன்னார்.

தலைவி தேவிஸ்ரீ ஊதினாள். சிவப்பு.

ராகினிக்குப் பகீரென்றது. "திரும்ப ஊது."

மறுபடியும் சிவப்பு.

"சத்தியமா நான் தொட்டதே இல்ல டீச்சர். காலையில தலை குளிச்சேன், அம்மா கரி மூட்டி சாம்பிராணி போட்டாங்க. ரூம் பூரா புகை லா."

சாம்பிராணியாம்! விமலனாவது கொசுவத்தியோடு நிறுத்தினான். இவள் சாமியையே சாட்சிக்கு இழுக்கிறாள். சிகரெட் வாடையை மறைக்க இதைவிட நல்ல வாசனை உண்டா? ராகினி அவள் பையை மேசையில் கொட்டினார். புத்தகங்களோடு புதினா மிட்டாய்கள் உருண்டன.

"இது எதுக்கு?"

"பஸ்ல வாந்தி வரும் டீச்சர்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள், கள்ளி. அத்தனை பேர் முன்னிலையிலும் தலைவி பேட்ஜைக் கழற்றி வாங்கினார். தேவிஸ்ரீயின் கண் நிறைந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

"சுத்தமான மூச்சுன்னா எப்படி இருக்கும்னு பாரு" என்று தானே ஊதிக் காட்டினார்.

சிவப்பு.

புக்கிட் பெருவாங்கில் தன் வீட்டில், மழைச்சாரலுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, காலையில் கரியை ஊதி ஊதிச் சாம்பிராணி போட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூந்தலில் இன்னும் மணந்தது.

"டீச்சர், உங்க பேக்கையும் கொட்டுங்க லா" என்றான் தூதர்களில் ஒருவனான எட்வின். யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் கைப்பையில் இருந்தது. அதற்குள்ளும் புதினா மிட்டாய் கிடந்தது. சொல்வதற்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான். சற்றுமுன் பொய்யென்று தள்ளிய அதே பதில்.

"டீச்சர் சிகரெட்லாம் குடிக்க மாட்டாங்க," என்றாள் தேவிஸ்ரீ, கண்ணைத் துடைத்தபடி. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்டிருப்பாங்க."

ராகினி பேட்ஜை நீட்டினார். தேவிஸ்ரீ நிமிரவில்லை. சிதறிய மிட்டாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.