ஆறு மீட்டர் மலை

விடிகாலை ஐந்தரை மணிக்கு மேகலா வெல்லத்தைக் கூட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பினாள்.

வெல்லம் அவளுடைய நாய். நிறத்தால் வந்த பெயர். மலை, மதகுக்குப் பக்கத்தில் இருந்தது. சீர்காழிக்குத் தெற்கே அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வரப்பைவிட உயரமாக எதுவும் கிடையாது. ஆனால் வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண், நாலு மாதமாக அள்ள ஆளில்லாமல் மாடிவீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. முந்தின நாள் குச்சி நட்டு, நிழலை அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். ஆறு மீட்டர்.

காட்டில் சிறுத்தையின் எச்சத்தை மோப்பம் பிடிக்கும் நாய்களோடு வேலை செய்ய ஓர் ஆய்வுக் குழு ஆள் எடுத்தது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்த மேகலாவுக்கு அதைவிட்டால் வேறு வேலை வேண்டாம் என்று இருந்தது. சொந்த நாயோடு வரலாமாம். ஒரே நிபந்தனை: ஒரே நாளில் நாயோடு சேர்ந்து அறுநூறு மீட்டர் உயரம் ஏறிய பதிவைக் கைபேசியில் எடுத்து அனுப்ப வேண்டும். கடைசி நேரம் இன்று மாலை ஆறு மணி. கொல்லிமலைக்குப் போகலாமென்று மூன்று தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மூன்று கண்டக்டர்களும் வெல்லத்தைப் பார்த்ததும் விசில் அடித்து வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

ஆறு மீட்டரை நூறு தடவை ஏறினால் அறுநூறு. அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் பார்ப்பதற்குள் பாதியாவது முடித்துவிட நினைத்தாள். பன்னிரண்டாவது ஏற்றத்திலேயே பார்த்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சாவித்திரி, பால் கறந்த கையோடு வந்து நின்றாள்.

“ஏண்டி, மண்ணுல எதையாவது தொலைச்சிட்டியா?”

“இல்ல அத்தை.”

“பின்ன என்னத்துக்கு ஏறி ஏறி இறங்குற?”

மேகலா வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது, சிறுத்தையிலிருந்தா, எச்சத்திலிருந்தா என்று யோசித்தாள். அதற்குள் சாவித்திரியே பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“வேண்டுதலா? சொல்றதுக்கென்னடி வெக்கம்? எத்தன தடவ?”

“நூறு.”

“அது யாரு சொன்ன கணக்கு? நூத்தியெட்டுதான் கணக்கு.”

இருபதாவது ஏற்றத்துக்குள் வெல்லத்தின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. அது ரெண்டு தும்மல் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஏறியது. சும்மா ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் மண்ணை மோந்து, ஒற்றைச் செருப்பையோ உடைந்த டார்ச் லைட்டையோ கிளறி எடுத்து உச்சியில் வைத்தது.

முப்பதாவது ஏற்றத்தில் விவசாய சங்கத் தலைவர் வீரையன் மொபெட்டில் வந்து இறங்கினார். மலையைப் பார்த்தார், மேகலாவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“மனு குடுத்தோம், மறியல் பண்ணோம். மண்ண அள்ள ஒருத்தன் வரல. அள்ளுற வரைக்கும் ஏறுவோம்னு எனக்குத் தோணலியேம்மா!”

“மாமா, நான் வந்து…”

“நீ பேசாத. பேசுறதுக்கு நான் இருக்கேன்.”

தம் பச்சைத் துண்டை வெல்லத்தின் கழுத்தில் கட்டினார். உச்சியில் கொடி நட்டார். வேண்டுதலுக்கு வந்த பெண்களும் போராட்டத்துக்கு வந்த ஆண்களும் சேர்ந்து ஏறவே, கிழக்கே ஏறுவது மேற்கே இறங்குவது என்று மலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அடிவாரத்தில் மோர் ஊற்றினார்கள். மேகலா யார் முகத்தையும் பார்க்காமல் வெல்லத்தின் வாலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அவள் பேசாமல் ஏறுவதைப் பார்த்து, மௌன விரதமும் சேர்த்து என்று சாவித்திரி எல்லோருக்கும் சொன்னாள்.

அறுபத்தோராவது ஏற்றத்தில் வாய்க்கால் அதிகாரி ஜீப்பில் வந்தார். நாயை வைத்துப் போராட்டம் நடப்பதாக அவருக்குத் தகவல் போயிருந்தது. நெற்றிப் பொட்டும் பச்சைத் துண்டுமாக உச்சியில் நின்ற வெல்லத்தைப் பார்த்ததுமே, பத்திரிகையில் வரப்போகும் படம் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வண்டி வரும்வரை யாரும் ஏறக்கூடாது என்று நிறுத்திவைத்தார். நாலு மாதமாக வராத ஜேசிபியும் டிப்பர் லாரியும் நாற்பது நிமிஷத்தில் வந்து நின்றன.

“வெற்றி!” என்று கத்தினார் வீரையன். சரவெடி வெடித்தது.

அந்தச் சத்தத்தில் “எடுக்காதீங்க” என்று மேகலா சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ஜேசிபி ரெண்டு வாய் அள்ளியது. உச்சி சரிந்து, கொடி விழுந்தது. இன்னும் இருநூற்று முப்பத்துநான்கு மீட்டர் பாக்கி. அவள் இறங்கிப்போய் ஜேசிபிக்கு முன்னால் நின்றாள். ஊரே பார்க்க அவள் எங்கும் நின்றதில்லை.

டிப்பர் டிரைவர் இளவழகன் எட்டிப் பார்த்தான். “ஜெயிச்சுட்டீங்கல்லங்க? வழிய விடுங்க.”

“எனக்கு மலை வேணும்,” என்றாள் மேகலா.

அந்த நேரத்தில், சரிந்த மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த வெல்லம் எதையோ கவ்வி இழுத்து வந்து அவள் காலடியில் போட்டது. பித்தளைச் செம்பு. சாவித்திரி எடுத்து முந்தானையால் துடைத்தாள். கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது: ‘அன்பளிப்பு, கா. ரெத்தினம், 1998’.

“எங்கண்ணன் வச்ச சீரு!”

மோர் ஊற்றிக்கொண்டிருந்த சாவித்திரியின் ஓரகத்தி அம்சம் குவளையைக் கீழே வைத்தாள். “இதத்தான நான் திருடுனேன்னு சொன்ன? பதினோரு வருஷம் என்கிட்ட பேசாம இருந்தியே!”

“தேய்க்கக் கொண்டாந்தப்ப வாய்க்கால்ல விட்டிருப்பேன் போலருக்கு,” என்று செம்பைப் பார்த்துச் சொன்னாள் சாவித்திரி.

“அப்ப என் கொலுசும் இதுலதான் கெடக்கு.”

பிறகு ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. மோதிரம், பல்செட், மூக்குத்தித் திருகாணி. வீரையனுக்கு அவர் மாமனார் போட்ட கைக்கடிகாரம்.

“ஒரு கூடை மண்ணு வெளிய போகக்கூடாது!” என்றார் வீரையன்.

அதிகாரி அழாத குறை. “இத அள்ளச் சொல்லித்தானய்யா போராடுனீங்க?”

“அது காலையில.”

லாரியில் ஏற்றிய மண்ணை ஓரமாகக் கொட்டச் செய்து, ஊர் சல்லடையும் முறமுமாக அதைச் சுற்றி உட்கார்ந்தது. மேகலா மறுபடி குச்சி நட்டு நிழலை அளந்தாள். மலை ஒரு மீட்டர் குறைந்து ஐந்தாகியிருந்தது. இருநூற்று முப்பத்துநான்கை ஐந்தால் வகுத்தாள். இன்னும் நாற்பத்தேழு தடவை.

“மொத்தம் எவ்வளவு வருது?” என்றாள் சாவித்திரி.

மேகலா கூட்டிப் பார்த்தாள். ரெண்டாவது தடவையும் கூட்டிப் பார்த்தாள். “நூத்தியெட்டு.”

“நாந்தான் அப்பவே சொன்னேனே.”

ஐந்தே முக்காலுக்கு நூற்றியெட்டாவது தடவை உச்சியைத் தொட்டார்கள். கைபேசி அறுநூற்றொன்று காட்டியது. அனுப்பிவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. ஆய்வுக் குழுத் தலைவி.

“ஏறினது சரியா இருக்கு. ஆனா நீங்க காலையிலேர்ந்து நின்ன இடத்தை விட்டே நகரலைன்னு காட்டுதே?”

பதில் சொல்லித்தர இந்தத் தடவை பக்கத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மண் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

“மலை சின்னது மேடம். நூத்தியெட்டு தடவை ஏறினோம்.”

“நாயுமா?”

“அதுவுந்தான்.”

“தீனி காட்டி ஏத்துனீங்களா?”

“இல்ல மேடம். நான் ஏறினேன், அதுவும் ஏறுச்சு. கூடவே மண்ணை மோந்துகிட்டே இருந்துச்சு. ஒரு செம்பு எடுத்துச்சு.”

“எங்க நாய்ங்க ஒரே இடத்துல ரெண்டாவது தடவை தேடச் சொன்னாலே படுத்துடும்,” என்றார் தலைவி. “திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்துடுங்க.”

மேகலா வெல்லத்தைப் பார்த்தாள். அது வாயில் எதையோ வைத்துக்கொண்டு நின்றது. பல்செட். அதை வாங்கி முந்தானை இல்லாத சுடிதாரில் துடைத்துக்கொண்டே இறங்கினாள். கீழே காலி டிப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தான் இளவழகன்.

“திங்கக்கிழமை எங்க போறீங்கண்ணே?”

“ஜல்லி ஏத்த பெரம்பலூர். ஏன், மலை ஏதும் வேணுமா?”

“எங்களுக்கும் அந்தப் பக்கந்தான் வேலை. அங்க வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். நாயும் வரும்.”

“வரட்டும்.”

“விசில் அடிக்க மாட்டீங்களே?” என்று கேட்டாள் மேகலா.