ஒன்பது புள்ளி சைபர் இரண்டு

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை எனக்குப் பறித்தவள் பதினெட்டு வருடமாக என் பக்கத்தில் படுத்தவள். என் மனைவி ரோண்டா.

அமெரிக்காவில், எங்கள் கென்டக்கி மாநிலத்தில், கால் மைல் பந்தயப் பாதையை ஒட்டிய தின்பண்டக் கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. நம்பர் பிளேட்டோடு தெருவில் ஓடும் கார்களில், கால் மைலை ஒன்பது விநாடிக்குள் முடித்தவர்களின் பெயர் அதில் ஏறும். பதினோரு பெயர்கள். டெல்மர் என்ற என் பெயர் மட்டும் கிடையாது. என் எண்பத்தெட்டாம் வருட மஸ்டாங் கார் இரண்டு வருடமாக ஒன்பது புள்ளி சைபர் இரண்டு, சைபர் மூன்று, மறுபடி சைபர் இரண்டு என்று அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. வாசலில் டிக்கெட் கிழிப்பவன் என்னைக் கண்டதுமே, "வாங்க, சைபர் ரெண்டு!" என்பான். சிரித்து வைப்பேன்.

அந்தத் துக்கடா நேரத்துக்காக நான் செய்யாதது இல்லை. எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவை மாற்றினேன், கியர்பாக்ஸை மாற்றினேன், மீன்பிடிப் படகை விற்றேன். டாக்டர் சொல்லிக் கேட்காதவன், எடை குறையட்டும் என்று பன்றி இறைச்சியை விட்டேன். எல்லாவற்றிலும் ரோண்டா கூடவே இருந்தாள். ஸ்பேனர் எனக்கு, லேப்டாப் அவளுக்கு. எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள், தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பதெல்லாம் அவள் அதில் எழுதுவது. அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கட்டின பெண்டாட்டியை எவனாவது சந்தேகப்படுவானா?

சீசனின் கடைசி ஞாயிறு. மத்தியானம் முதல் ஓட்டம், அதே சைபர் இரண்டு. ரோண்டா ஹாட் டாக் வாங்கப் போயிருந்தாள். பக்கத்துக் கூடாரத்து லைல், அவனும் கார் ஓட்டுகிறவன்தான், என் நேரச் சீட்டை எடுத்துப் பார்த்தான்.

"டெல்மர், இதுல கடைசி வரிய மட்டுந்தான் படிப்பியா?"

"அதுதானேய்யா நேரம்!"

"பாதித் தூரத்தப் பாரு. அஞ்சு புள்ளி ஏழு. இது எட்டு செகண்ட் வண்டிய்யா. பாதிக்கு மேலதான் தூங்கிடுது."

லேப்டாப்பைத் திறந்தான். கட்டம் கட்டமாக இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. ஆறாவது செகண்ட்லேர்ந்து தீப்பொறியத் தாமதமா விழ வெச்சிருக்கு. எஞ்சின் கழுத்தப் புடிச்ச மாதிரி. பழைய ஃபைல்லயும் இருக்கு. நீ டர்போ மாத்துன வாரம் இன்னும் இறுக்கியிருக்கு."

யாரோ என்றான், பாவம். அந்த லேப்டாப்பைத் தொடுகிற கை ஒன்றுதான்.

நான் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து மாட்ட மாட்ட, அவள் ஒவ்வொரு பிடியாக இறுக்கியிருக்கிறாள். ராத்திரி படுக்கும்போது, "அடுத்த வாரம் அடிச்சிடலாம், டெல்மர்" என்று என் தலையையும் தடவியிருக்கிறாள். என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாள்!

அவள் காகிதத் தட்டோடு வந்தாள். திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமா?" என்றேன்.

"ஆமா."

"டர்போ வாங்க என்கூட டென்னசி வரைக்கும் வந்தியேடி! பெட்டிய நீதானே தூக்கிட்டு வந்தே!"

"உனக்கு முதுகு வலி. தூக்கினேன்."

"ஊரே என்னைப் பாத்து இளிச்சுது. நீயும் சேர்ந்து இளிச்சியா?"

"யோவ், கடைசி முந்நூறு அடில வண்டியோட பின்பக்கம் வாலாட்டுது. உள்ள இருக்கிற உனக்குத் தெரியாது. பின்னாடி நின்னு பாக்கிறவ நான். மூணு தடவ சொன்னேன். 'கண்ணாடி மாத்துடி'ன்னு சிரிச்சே."

சிரித்திருப்பேன். அதற்காக?

"சுவத்துல மோதினா மோதறேன். அது என் வண்டி, என் உசுரு. எடு அத."

அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். தாமதம் எழுதியிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்து, திரையை என் பக்கம் திருப்பினாள். "பாத்துக்கோ."

"எனக்கென்ன தெரியும்? லைல், நீ பாத்துச் சொல்லு. சுத்தமா எடுத்துட்டாளா?"

அடுத்தவனை வைத்து அவளைச் சோதித்தது அதுதான் முதல் தடவை. அவள் முகம் செத்துப்போனது. சாகட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

புறப்படும் கோட்டில் போய் நின்றேன். வழக்கமாகப் பின்னால் நிற்கும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு. முதுகு சீட்டில் ஒட்டியது. பாதித் தூரம் கடந்தது. இரண்டு வருடமாகத் தளர்ந்துபோகும் இடத்தில் வண்டி தளரவே இல்லை, இன்னும் இழுத்தது. ஐயோ, இவ்வளவையுமா எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாள்! பலகையில் என் பெயர் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். அப்போது பின்பக்கம் லேசாக வலப்புறம் போனது. ஒரு கையளவுதான். சுவர் என் கண்ணில் பட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து என் கால் மேலே வந்துவிட்டது. நான் எடுக்கச் சொல்லவில்லை. அதுவாக வந்துவிட்டது.

ஒன்பது புள்ளி சைபர் ஆறு.

கூடாரத்துக்கு வந்தபோது லைலும் நாலைந்து பேரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் ரோண்டா வயரை மாட்டி ஓட்டத்தின் பதிவை இறக்கிவிட்டிருந்தாள். திரையில் ஆக்ஸிலரேட்டர் பெடலின் கோடு உச்சியில் நேராகப் போய், ஏழாவது விநாடிக்கு மேல் செங்குத்தாகத் தரைக்கு விழுந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"என்னாச்சு ரோண்டா? எங்க போச்சு நேரம்?" லைல் எட்டிப் பார்த்தான்.

அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ற பம்ப் மக்கர் பண்ணிடுச்சு. டெல்மர் என்ன பண்ணுவான் பாவம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. போன மாதம்தான் அந்தப் பம்பை என் கையால் புதிதாக மாட்டியிருந்தேன்.

"ஆமாய்யா," என்றேன். "பம்ப்தான்."