மானுக்குப் போடும் இலை

நடந்தது காணும் பொங்கலன்றா, அதற்கு மறுநாளா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நெட்டுக்குப்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் கருணாகரனின் வில்லில் கட்டியிருந்தது தங்கூசி என்கிற நைலான் நரம்பு என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

பாரிவேட்டைக்கு அம்மன் பல்லக்கில் முகத்துவாரத்து மணலுக்கு வருவாள். அவளுக்காக வேட்டையாடுவது ஊர்த் தோழர்கள். சிவப்பு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முண்டாசில் மயிலிறகு செருகி, கழுத்தில் பாசிமணி போட்டுக்கொள்வார்கள். மூங்கில் வில், நாணல் அம்பு. அம்பு நுனியில் குங்குமத் தண்ணீரில் தோய்த்த துணிப்பந்து. மானும் அவர்களில் ஒருவன்தான். மூங்கில் கூட்டின்மேல் சாக்கைப் போர்த்தி, சுண்ணாம்பால் புள்ளி வைத்து, வேலிக்காத்தான் கிளையைக் கொம்பாகக் கட்டிக்கொண்டு ஓடுவான். ஆளுக்கு ஒரே அம்பு. யாருடைய சிவப்பு மானின்மேல் படுகிறதோ அவர் வீட்டில் அன்று மானுக்கு இலை போட வேண்டும். கூப்பிட மாட்டேன் என்று வேடனும் சொல்லக் கூடாது, வர மாட்டேன் என்று மானும் சொல்லக் கூடாது.

அந்த வருஷம் மான் நீலமேகம். கருணாகரனுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

மீசை முளைக்காத காலத்திலிருந்து இருவரும் ஒரே படகில் போனவர்கள். ஒருநாள் விடியலில் நீலமேகம் கரைக்கு வரவில்லை. வெயில் ஏறும்வரை கருணாகரன் படகிலேயே உட்கார்ந்திருந்தான். கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்று மாலை ஊரே கேட்க, "கடலுக்குப் பயந்த பய" என்றான் கருணாகரன். அப்பனைக் கடலுக்குக் கொடுத்தவனிடம் சொல்லக் கூடாத சொல். அதன்பிறகு நீலமேகம் அவனோடு பேசவே இல்லை. டீக்கடையில் எதிரெதிரே நின்றால் இருவரும் அவரவர் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அவன் வீட்டை நோக்கிப் பலமுறை நடந்த கருணாகரன், தெருமுனையோடு திரும்பி வந்திருக்கிறான். அம்பு பட்டுவிட்டால் விளக்கம் எதுவும் வேண்டாம். சாப்பிட வா என்றால் போதும்.

"சுதும்பு மீனு வாங்கியாந்து வச்சிகீறேன். நீலமேகண்ணனுக்குப் புடிக்கும்" என்றாள் அவன் மனைவி மலர்.

"அம்பே இன்னும் வுடல."

"அதான் சீக்கிரமா போய் வுடுன்றேன்."

"தப்பிச்சுனா?"

"நாமளே துன்னலாம். ஆனா எனக்குத் தொண்டைல எறங்காது, சொல்லிட்டேன்."

காலையில் பழைய கயிற்று நாண் அறுந்துபோயிருந்தது. வலைக்கு வைத்திருந்த தங்கூசியை எடுத்துக் கட்டினான். வஞ்சிரமே அறுக்காத நரம்பு என்று அவனுக்குப் பெருமை. அறுக்காது, சரி. ஆனால் இழுத்தால் நீளும். மீனின் இழுப்புக்கு விட்டுக்கொடுப்பதுதான் அதன் வேலை. வில்லுக்கு அது ஆகாது என்று கடலுக்குப் போகிறவனுக்குத் தோன்றவில்லை.

முதல் அம்பு வல்லரசுடையது. இருவருக்கும் தோழன் அவன். மானைப் பார்த்துக் குறிவைத்து, கடைசி நொடியில் வானத்தைப் பார்த்து அம்பை விட்டான்.

"இன்னா மாமு, கொக்கு சுடுறியா?" என்று கூட்டம் கத்தியது.

"காத்து மாமு, காத்து" என்று சொல்லிவிட்டுக் கருணாகரனைப் பார்த்தான். மானை உனக்கு விட்டுவிட்டேன் என்றது அந்தப் பார்வை.

கருணாகரன் நாணை இழுத்தான். காதுவரை வந்தது. இன்னும் வந்துகொண்டே இருந்தது. விட்டான். அம்பு சோம்பலாகக் கிளம்பி, பாதித் தூரம்கூடப் போகாமல் மணலில் படுத்தது.

"கருணா, அம்ப வுட்டியா, துப்புனியா?"

சிரித்து ஓய்ந்தார்கள். அவன் அசையவில்லை. வில் கையில் தொங்கியது. மேளக்காரன் குச்சியை இறக்கினான். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே, தூரத்தில் மானும் நின்றுவிட்டது. சாக்குக்குள் முகம் தெரியவில்லை. கொம்பு மட்டும் மூச்சுக்கு ஏற்ப ஆடியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று கேட்டால் இன்றும் ஆளுக்கொரு கணக்கு.

பிறகு மான் திரும்பி நடந்தது. ஓட்டம் இல்லை, மெதுவான நடை. அம்பருகே வந்து மோந்து பார்த்தது. முட்டியை மடக்கி அதன்மேல் படுத்து ஒருமுறை புரண்டது. எழுந்தபோது வயிற்றுச் சாக்கில் சுண்ணாம்புப் புள்ளிக்குப் பக்கத்தில் சிவப்பு.

"பட்டுச்சு!" என்று கத்தினான் வல்லரசு.

"இது செல்லாதுப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"மானே பட்டுச்சுன்னுது, நடுவுல நீ யாரு நைனா?"

பூசாரி கையை உயர்த்தினார். மேளம் கொட்டியது.

கருணாகரன் வில்லைப் போட்டுவிட்டு மானிடம் போனான். "சாப்ட வாடா" என்றான்.

சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னா கொழம்பு?"

"சுதும்பு."

"அப்ப வரேன். கொம்ப அவுத்து வுடு, கழுத்து நோவுது."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அன்னிக்கி நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான் கருணாகரன்.

"வுட்ரா. பசிக்குது."

நீலமேகம் படகுக்குத் திரும்பி வரவில்லை. இன்றும் யார்டில்தான் வேலை. லீவு நாளில் மட்டும் கருணாகரனோடு கடலுக்குப் போகிறான். மற்ற நாட்களில் மலரின் தம்பி அந்த இடத்தில் உட்காருகிறான். அடுத்த வருஷம் வல்லரசு மானாகி, மூன்று அம்பு பட்டு, மூன்று வீட்டில் சாப்பிட்டு, மறுநாள் மத்தியானம்வரை பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. மலர் காத்திவாக்கம் மார்க்கெட்டில் மீன்கடை போட்டிருக்கிறாள். வில்லுக்கு இப்போது கயிற்று நாண்தான்.